கருகிய கம்பி கூறுவது

நம் தெருக்களில் இன்றும் ஓடும் பழைய மொரிஸ் மைனர் காரில் இரப்பர் கருகும் நாற்றம் எழுந்தால், இயந்திரத்தை நிறுத்தி, பற்றரியின் இணைப்பை உடனே கழற்றிவிடுங்கள். பிறகு கருகிய கம்பியைப் பாருங்கள். புதுக் கம்பி பூட்ட அவசரம் வேண்டாம்; காரணம் தெரியாவிடின் அதுவும் கருகும்.

உறை நெடுகிலும் உருகியிருந்தால், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. எங்கோ உறை தேய்ந்து, செம்பு காரின் இரும்பைத் தொட்டிருக்கும். முனை மட்டும் கருகியிருந்தால், குற்றம் தளர்ந்த அல்லது களிம்பேறிய இணைப்பினது. அங்கே தடையினாலேயே சூடு பிறக்கிறது; மின்னோட்டம் மிகாமையால் உருகியும் எரிந்து எச்சரிப்பதில்லை.

மண்ணிறக் கம்பிகளை நுணுகி ஆராயுங்கள். பற்றரியின் மின்சாரத்தை நேரே கொணரும் அவற்றுக்கு உருகிக் காவலே இல்லை. பழுதான கம்பியோடு கட்டுண்ட ஏனைய கம்பிகளையும் பிரித்துப் பாருங்கள். அதன் சூட்டில் அவற்றின் உறையும் இளகியிருக்கக்கூடும்.