லாரிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டும் இறங்காது. வெயிலில் வைத்தோ வெந்நீரில் முக்கியோ எடுத்தால்தான் தலைக்குத் தேய்க்க முடியும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே வந்தாலே அது உறையத் தொடங்கிவிடும். இதே கதை ஒரு லாரியின் டீசல் டேங்கில் நடந்தால்? இடம்: கனடாவில், சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலை. நேரம்: ஜனவரி மாத நள்ளிரவு. குளிர்: மைனஸ் 30. அங்கே வெயிலும் கிடையாது, வெந்நீரும் கிடையாது.

ரொறொன்ரோவிலிருந்து வின்னிபெக் வரை சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். மளிகை, மருந்து, மரம், கார் உதிரிபாகம் எல்லாம் இந்த வழியில் பனிக்காலத்திலும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்கான ஏற்பாடு முதல் பனி விழும் முன்பே, செப்டம்பரிலும் அக்டோபரிலும், லாரி நிறுவனங்களின் பட்டறைகளில் தொடங்கிவிடும். ரொறொன்ரோவை அடுத்த பிராம்ப்டன் பக்கம் ட்ரக் ஓட்டும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பனியில் சறுக்கிய கதைகள் வரும் என்று காத்திருந்தேன். அவரோ, "அண்ணை, ஸ்நோவுக்குப் பயப்பிட வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியும். தண்ணிக்குத்தான் பயப்பிடோணும்" என்றார்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு லாரியைச் சுற்றி வந்தால் பட்டறையில் நடக்கும் வேலை முழுவதற்கும் ஒரே பொருள்தான் என்று புரிகிறது. வண்டிக்குள் எங்கெங்கே தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று தேடி, உறைவதற்கு முன்பே அதைப் பிடிப்பது.

தண்ணீர் ஒளிய மிகவும் விரும்பும் இடம் பிரேக். கனரக லாரிகளில் கார்களைப் போல எண்ணெய் பிரேக் கிடையாது, ஏர் பிரேக்தான். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி டேங்குகளில் சேர்த்து வைக்கிறது. அழுத்தம் சுமார் 120 பி.எஸ்.ஐ. வரை போகும். அதாவது வெளிக்காற்றைப் போல எட்டு ஒன்பது மடங்கு. அப்படி அழுத்தும்போது, ஈரத் துணியைப் பிழிந்ததுபோல, காற்றிலிருந்த ஈரம் நீராக வடிகிறது. கோடையில் இந்த நீர் டேங்கின் அடியில் சும்மா கிடக்கும், பெரிய தொந்தரவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதே நீர் வால்வுகளுக்குள்ளும் விரல் பருமன் குழாய்களுக்குள்ளும் போய்ப் பனிக்கட்டி அடைப்பாக உட்கார்ந்துவிடும்.

அடைப்பு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். மிதி பிரேக்குக்குக் காற்று போகும் வழி அடைபட்டால், மிதித்தும் அந்தச் சக்கரம் பிடிக்காது. பார்க்கிங் பிரேக்கின் கதை வேறு. அதைப் பிடிப்பது ஒரு கனமான ஸ்பிரிங், விட வைப்பது காற்று. காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கினால் ஓட்டுநர் முன்னே எச்சரிக்கை மணி அடிக்கும். 20-க்கும் 45-க்கும் இடையில் எங்கோ ஸ்பிரிங் தானே பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்தக் குழாயில் பனி அடைத்துக்கொண்டால் பிரேக் விடவே விடாது, யார்டை விட்டு வண்டி நகராது.

எனவே இலையுதிர் காலத்தில் மெக்கானிக் முதலில் தேடிப் போவது ஏர் டிரையரை. கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் இந்த உருளைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. புது செருப்புப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் மணிகள் சோர்ந்துவிடும், மாற்ற வேண்டும். டிரையரின் அடியில் நீரைத் துப்பும் வால்வுக்கென்று ஒரு குட்டி ஹீட்டரும் உண்டு. கோடை முழுக்க அது செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. தெரியவரும் நாளில் மைனஸ் 20 ஆக இருக்கும். அதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓட்டுநர் டேங்குகளின் வடிகால் வால்வைத் திறந்து பார்ப்பார். புஸ்ஸென்று காய்ந்த காற்று மட்டும் வந்தால் நிம்மதி. தண்ணீரோ பால்போன்ற எண்ணெய்க் கலவையோ வந்தால் டிரையர் வேலை செய்யவில்லை என்று பொருள். அவசரத்துக்குக் குழாய்க்குள் மெத்தனால் ஊற்றிப் பனியைக் கரைப்பவர்கள் உண்டு. அது ரப்பர் சீல்களைக் காயவைத்துக் கெடுக்கும். இன்றைய தலைவலிக்கு மருந்து சாப்பிட்டு நாளைக்கு வயிற்றுவலி வாங்கும் வேலை.

இனி டீசல். அதில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரக் குளிர அந்த மெழுகு நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து டீசல் மங்கலாகும். இன்னும் குளிர்ந்தால் படிகங்கள் ஃபில்டரில் அடையாக ஒட்டிக்கொள்ளும். டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும், எஞ்சின் மட்டும் பட்டினியில் செத்துப்போகும். குளிர்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் பருவத்துக்கேற்ப டீசலின் கலவையை மாற்றி விற்பது இதனால்தான். ஆபத்து அமெரிக்காவின் தெற்கே டெக்சஸ் பக்கம் டேங்க் நிரப்பிக்கொண்டு நேராக வடக்கே ஏறுபவர்களுக்கு. இரண்டு நாளில் வெயில்காலத்து டீசல் பனிக்காலத்துக்குள் வந்துவிடும். மெழுகைத் தடுக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. டீசல் மங்கலாகும் முன்பே ஊற்றினால் பலன் உண்டு, கட்டிய பிறகு ஊற்றினால் பலன் இல்லை. கூடவே ஃபில்டருக்குக் கீழே ஒரு கிண்ணம் இருக்கிறது. டீசலோடு வந்த நீர் அங்கே தங்கும். அதை வடிக்க மறந்தால் மெழுகு வரை போக வேண்டியதில்லை, ஒரு கரண்டி பனிக்கட்டியே வண்டியை நிறுத்திவிடும்.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கும் புதிதல்ல. லடாக்கில் குளிர்காலத்தில் டீசல் உறைவதால் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2019-இல்தான் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலைப் பானிப்பட் ஆலையில் தயாரித்து அங்கே அனுப்பத் தொடங்கியது.

ரேடியேட்டருக்கு வருவோம். வெறும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், இரும்பு எஞ்சினையே பிளந்துவிடும். அதனால் எத்திலீன் கிளைக்கால் கலக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை தாங்கும்! ஒன்றையொன்று படிகமாக விடாமல் இரண்டும் தொல்லை கொடுத்துக்கொள்கின்றன. "அதிகமாக ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு" என்று நினைத்து நிறுத்தாமல் ஊற்றுபவர் ஏமாந்துபோவார். மெக்கானிக்குகள் கண்ணளவை நம்புவதில்லை. ஒரு சொட்டை எடுத்து ஒளிவிலகல் மானியில் வைத்துப் பார்த்து உறையும் வெப்பநிலையைப் படித்துக்கொள்கிறார்கள்.

பி.எஸ்.6 லாரிகள் வந்த பிறகு நம்மூர் பெட்ரோல் பங்க்குகளிலும் ஆட்ப்ளூ விற்கிறார்கள். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அந்தத் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம், மீதி தண்ணீர். மைனஸ் 11-இல் உறையும். பதற வேண்டாம், உறையட்டும் என்று எண்ணித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். எஞ்சின் சூடானதும் அதன் வெந்நீரே தொட்டியில் உறைந்ததை உருக்கிவிடும். கழுத்துவரை நிரப்பாமல் விரிவதற்கு இடம் விட்டால் போதும்.

பேட்டரியிலும் தண்ணீர்தான் கதாநாயகன். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் மைனஸ் 50-இலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துக்கொண்டே போய், முற்றிலும் தீர்ந்த பேட்டரி மைனஸ் 10-ஐ எட்டும் முன்பே கட்டியாகிவிடும். எஞ்சின் ஆயிலும் தேன் போலக் கெட்டியாகி ஸ்டார்ட்டரை இழுக்கும். இதற்கு மருந்தாக வந்ததுதான் எஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீட்டர். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரரான ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று குளிர்ப்பிரதேசங்களில் வண்டிகளின் மூக்கிலிருந்து ஒரு மின்கம்பி தொங்குவதைப் பார்க்கலாம். இரவு முழுக்க மாட்டுக்குத் தீனி வைப்பதுபோல வண்டிக்கு மின்சாரம் வைக்கிறார்கள்.

டயர் விஷயத்தில் சட்டமே பேசுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் 11,794 கிலோவுக்கு மேற்பட்ட வாகனங்கள் டயரில் மாட்டும் பனிச்சங்கிலி வைத்திருந்தாக வேண்டும். கோகஹல்லா போன்ற கணவாய்களில் இது ஏப்ரல் 30 வரை. வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் ஆயிற்றா? உறைந்த விரல்களோடு, இருட்டில், சாலையோரம் மண்டியிட்டு மாட்டத் தெரிய வேண்டும். நல்ல நிறுவனங்கள் அக்டோபரிலேயே யார்டில் வைத்து ஓட்டுநர்களை மாட்டிப் பழக்குகின்றன. இந்த ஒத்திகைதான் சங்கிலியைவிட விலையுயர்ந்தது என்பேன்.

புதுமையால் வந்த ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். பழைய முகப்பு விளக்குகள் சூடாக எரிந்ததால் மேலே விழுந்த பனி தானே உருகியது. எல்.இ.டி. விளக்கின் கண்ணாடி குளிர்ந்தே இருப்பதால் பனி அப்படியே அப்பிக்கொள்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடித்த விளக்குக்கு இப்போது தனியாகச் சூடேற்றும் கண்ணாடி விற்கிறார்கள்!

யார்டின் வாசலில் வளைவுபோல ஒரு சட்டம் நிற்பதையும் காணலாம். ட்ரெய்லர் அதன் அடியில் மெல்லப் போகும்போது கூரையில் படிந்த பனியை அது வழித்துத் தள்ளும். வழிக்காமல் போனால் நெடுஞ்சாலை வேகத்தில் பனிப்பாளம் கழன்று பின்னால் வரும் காரின் கண்ணாடியில் விழும்.

சாலையில் தூவும் உப்பு பனியை உருக்கி உப்புநீராக வண்டியின் அடியெங்கும் ஏறும். வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கும், பிரேக் லைட் எரியாமல் போகும். அதனால் பிளக்குகளில் கிரீஸ் தடவுகிறார்கள், அடிப்பாகத்தைக் கழுவுகிறார்கள். கழுவிய ஈரம் காயும் முன்பே வெளியே நிறுத்தினால் கதவும் பூட்டும் உறைந்துவிடும் என்பதால் கழுவுவதற்கும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, நாள் முடிவில் வண்டியை எப்படி நிறுத்துகிறார் என்பதில் ஓட்டுநரின் அனுபவம் தெரியும். சேறும் பனியுமான சாலையில் வந்தவர் பார்க்கிங் பிரேக்கை உடனே இழுத்துவிட்டால், ஈரமான பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி இரவில் உறைந்துவிடும். விவரம் தெரிந்தவர் கடைசிச் சில நூறு மீட்டர் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே வந்து, அந்தச் சூட்டில் ஈரத்தைக் காயவைத்துவிட்டுத்தான் நிறுத்துவார். மறந்தவருக்கும் வழி உண்டு. காலையில் கையில் சுத்தியலோடு ட்ரெய்லருக்கு அடியில் பனியில் படுத்து, ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கோ ஒன்றில் 'டக்'கென்று பனி விடும் சத்தம் கேட்கும். இன்னும் ஏழு சக்கரம் பாக்கி இருக்கும்.