மீன்கடையில் தொடங்கிய கையெழுத்து

கதிரியக்கம் அளக்கும் கருவியை மீனிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 துடிப்புக்கு மேல் காட்டினால் அந்த மீன் சாப்பிட உதவாது. மண்ணில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் நடுக்கடலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 1954ஆம் ஆண்டில் ஜப்பானியத் துறைமுகங்களில் சூரை மீனுக்கு இருந்த விதி இதுதான். அணுகுண்டை எதிர்த்து உலகில் நடந்த மக்கள் இயக்கங்களில் மிகப் பெரிய ஒன்று இந்த மீன் விவகாரத்திலிருந்துதான் கிளம்பியது. அதை வளர்த்தெடுத்தவர்கள் டோக்கியோவின் ஒரு குடியிருப்புப் பகுதியில் வாழ்ந்த பெண்கள். அவர்கள் கூடிப் பேச ஒரு பொதுக்கூடமும், மாதந்தோறும் சேர்ந்து படிக்க ஒரு வாசிப்பு வட்டமும் இருந்தன.

முதலில் கடலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1954 மார்ச் 1 அதிகாலையில் பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் ‘பிராவோ’ என்று பெயரிட்ட ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா சோதித்தது. அதைச் செய்தவர்கள் ஏறத்தாழ 6 மெகா டன் ஆற்றலை எதிர்பார்த்தார்கள். வெளிப்பட்டது 15 மெகா டன். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. குண்டின் எரிபொருளில் இருந்த லித்தியத்தில் பெரும்பங்கு லித்தியம்-7 என்ற வகை. அது வினையில் கலக்காமல் சும்மா இருந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அது சும்மா இருக்கவில்லை. வேகமான நியூட்ரான்கள் தாக்கியதும் உடைந்து டிரிட்டியத்தைத் தந்தது, வெடிப்பு எதிர்பார்த்ததைப்போல் இரண்டரை மடங்கானது. தீவின் பவளப்பாறை தூளாகி வானுக்கு ஏறி, கதிரியக்கம் தோய்ந்த வெள்ளைச் சாம்பலாகத் திரும்ப இறங்கியது.

அந்தச் சாம்பல் விழுந்த இடங்களில் ஒன்று ‘டைகோ ஃபுகுரியு மாரு’ என்ற சூரை மீன்பிடிப் படகு. ‘அதிர்ஷ்ட டிராகன் எண் 5’ என்று பெயருக்குப் பொருள். ஷிசுவோகா மாவட்டத்து யாய்ஸு துறைமுகத்தைச் சேர்ந்தது. 23 பேர் இருந்தார்கள். அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியேதான் அது மிதந்துகொண்டிருந்தது. மேற்கே வெளிச்சம் கிளம்புவதைப் பார்த்தவர்கள், கடலில் விட்டிருந்த தூண்டில் கயிறுகளை அவசரமாக இழுத்துச் சுருட்டினார்கள். அந்த வேலை முடிய மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் சாம்பல் தலையிலும் கழுத்திலும் கண்ணிலும் விழுந்தபடி இருந்தது. தளத்தில் நடந்தால் காலடித் தடம் பதியும் அளவுக்குப் படிந்தது. மார்ச் 14 அன்று படகு கரை சேர்ந்தது. 16ஆம் தேதி ‘யோமியுரி’ நாளிதழ் செய்தியை வெளியிட்டது. அதற்குள் அந்தப் படகின் மீன் ஏலம்போய், ஒரு பகுதி டோக்கியோவின் சுகிஜி மொத்தச் சந்தைவரை வந்துவிட்டது. சந்தை வளாகத்துக்குள்ளேயே குழி தோண்டி அதைப் புதைத்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு படகின் துயரமாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் அந்த ஆண்டு முழுக்க எண்ணூறுக்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிரியக்கம் தென்பட்டது. மே மாதத்தில் மழைநீரிலும் தென்பட்டது. ‘அணுகுண்டு சூரை’ என்று ஒரு சொல் பேச்சுவழக்கில் சேர்ந்தது. சூரை மட்டுமல்ல, எந்த மீனையும் வாங்க ஆள் இல்லை. மீன் இல்லாமல் ஜப்பானில் சமையல் ஏது?

சுகினாமி டோக்கியோவின் மேற்கே உள்ள வார்டு. பெயரின் பொருள் ‘சுகி மர வரிசை’. அலுவலகம் போகிறவர்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் நிறைந்த அமைதியான பகுதி. அப்போது அங்கே 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பானெங்கும் ‘கோமின்கான்’ எனப்படும் மக்கள் கூடங்கள் எழுந்தன. சொற்பொழிவு, படிப்பு, ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கேதான். சுகினாமி கூடத்தின் இயக்குநர் கவோரு யசுய், சர்வதேசச் சட்ட அறிஞர். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர், பிறகு ஹோசெய் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவர் பெண்களுக்காக 1953 நவம்பரில் தொடங்கிய வாசிப்பு வட்டத்தின் பெயர் ‘சுகி மரக் கன்றுகள்’. இல்லத்தரசிகள் அங்கே கூடிப் படித்த நூல், வரலாற்றாசிரியர் இ.எச்.கார் எழுதிய ‘புதிய சமுதாயம்’. இந்தத் தகவலை நான் வெறும் சுவைக்காகச் சொல்லவில்லை. மீன்கடைப் பிரச்சினையை உலகப் பிரச்சினையாகப் பார்க்க ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் குண்டு வெடிப்பதற்கு முன்பே அந்தக் கூடத்தில் உருவாகத் தொடங்கியிருந்தது.

1954 ஏப்ரல் 16 அன்று கூடத்தில் பெண்களுக்கான சொற்பொழிவு. அது முடிந்ததும் மீன்கடை நடத்தும் ஒரு பெண் எழுந்தார். மீன் விற்கவில்லை, கடைகள் மூடும் நிலையில் இருக்கின்றன, குண்டுச் சோதனையை நிறுத்தக் கையெழுத்துத் திரட்டுகிறோம், நீங்களும் கைகொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் வார்டு மன்றம் ஹைட்ரஜன் குண்டை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மே 9 அன்று ‘ஹைட்ரஜன் குண்டுத் தடைக் கையெழுத்து இயக்க சுகினாமி குழு’ கூடத்தில் உருவானது. இதற்கும் முன்பே, ஏப்ரல் தொடக்கத்தில், சுகிஜி சந்தையில் மீன் வியாபாரிகள் திரண்டு கூட்டம் நடத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இயக்கம் பிறந்த ஊர் என்று சுகினாமியைப் புகழ்வது வழக்கம். ஆனால் முதல் குரல் கடலோடு பிழைத்தவர்களுடையது. சுகினாமி செய்தது அந்தக் குரலை மீன் வாங்குகிறவர்களின் குரலாகவும் மாற்றியதுதான். விற்பவர் கேட்டால் அது தொழில் கோரிக்கை. வாங்குபவரும் சேர்ந்து கேட்டால் அதை அப்படி ஒதுக்க முடியாது.

எப்படித் திரட்டினார்கள் என்பதில்தான் அந்த ஆண்டின் பாடமே இருக்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ‘ஸ்டாக்ஹோம் வேண்டுகோள்’ என்று ஒரு கையெழுத்து இயக்கம் உலகெங்கும் நடந்தது. பனிப்போர் நாட்கள் அவை. அது கம்யூனிஸ்டுகளின் வேலை என்ற முத்திரை விழுந்தது, பலர் பேனாவைத் தொடவே அஞ்சினார்கள். யசுயும் பெண்களும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். எனவே சுகினாமியின் வேண்டுகோள் எந்த நாட்டையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. மூன்றே முழக்கங்கள்: குண்டைத் தடைசெய்ய நாட்டு மக்கள் எல்லோரும் கையெழுத்திடுவோம்; உலகின் எல்லா அரசுகளிடமும் மக்களிடமும் முறையிடுவோம்; மனிதகுலத்தின் உயிரையும் நல்வாழ்வையும் காப்போம். பழமைவாதிகளும் இடதுசாரிகளும் ஒரே தாளில் கையெழுத்திட இடம் இருந்தது. அமெரிக்காவின் பெயரைச் சொல்லாமல் விட்டது கோழைத்தனம் என்று அப்போதும் சிலர் நினைத்திருக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வீட்டுக்காரரின் கதவைத் தட்டப்போகிறவர், அந்தக் கதவு திறக்கும் வகையில்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மே 13 அன்று தாள்கள் வெளியே போயின. புதிதாக அமைப்பு கட்டவில்லை, இருந்தவற்றையே பிடித்தார்கள். பெண்கள் சங்கங்கள், மீன் வியாபாரிகள் சங்கம், பள்ளிப் பெற்றோர் குழுக்கள், தொழிற்சங்கங்கள் எல்லாவற்றின் வழியாகவும் தாள் சென்றது. தெரிந்த முகம் வந்து வாசலில் நின்றால் மறுப்பது கடினம். சந்தேகம் கேட்பதும் எளிது. ஜூன் கடைசிக்குள் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. குழந்தைகளைக் கழித்துப் பார்த்தால், கையெழுத்துப் போடாத வீடு அரிது என்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவு வேகத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு ஆட்சி 1952 ஏப்ரலில்தான் ஜப்பானைவிட்டு விலகியது. அதுவரை ஹிரோஷிமா, நாகசாகியில் நடந்ததை வெளிப்படையாக எழுதவும் படம் காட்டவும் தடைகள் இருந்தன. அணுகுண்டு என்றால் என்ன என்பது சொந்த நாட்டிலேயே பலருக்கு முழுதாகத் தெரியாது. ஒன்பது ஆண்டுகள் அடைத்து வைத்திருந்த பேச்சு, மீனின் வழியாக வெளியே வந்தது.

ஆகஸ்ட் 8 அன்று நாடு தழுவிய கையெழுத்துக் குழு அமைந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஹிதேகி யுகாவா போன்றோர் முன்னணியில் நின்றார்கள், யசுய் செயலாளர். அலுவலகம் எங்கே என்றால், அதே சுகினாமி கூடத்தில் இயக்குநரின் அறை. நாடெங்கும் சேரும் எண்ணிக்கையை வாங்கிக் கூட்டிச் சொல்வதுதான் அந்த அறையின் முதன்மையான வேலை. உத்தரவு போடும் தலைமையாக அது இருக்கவில்லை. கணக்குப் பிள்ளையாக இருந்தது. இந்த அடக்கத்தால்தான் மீன்பிடிக் கிராமமும் பல்கலைக்கழகமும் அதை நம்பின என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 23 அன்று படகின் வானொலித் தொடர்பாளர் ஐகிச்சி குபோயாமா இறந்தார். வயது 40. தானே அணுகுண்டுக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் பலியாகும் கடைசி மனிதனாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியது நாடெங்கும் பரவியது. இரத்தம் ஏற்றியதால் வந்த கல்லீரல் நோயே காரணம் என்று அமெரிக்கத் தரப்பு வாதிட்டது. மக்கள் அந்த வாதத்துக்குச் செவிசாய்க்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் கையெழுத்துகள் 2 கோடியைத் தொட்டன. 1955 ஆகஸ்டில் 3 கோடிக்கும் மேல். அன்றைய ஜப்பானின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 கோடி.

சாம்பலிலிருந்து இன்னொரு செய்தியும் வெளிவந்தது. டோக்கியோ பல்கலைக்கழக வேதியியலாளர் கென்ஜிரோ கிமுராவின் குழு அதைப் பகுத்தபோது யுரேனியம்-237 இருப்பதைக் கண்டது. சாதாரண யுரேனியத்தை மிக வேகமான நியூட்ரான்கள் தாக்கினால் உண்டாகும் பொருள் அது. அப்படியென்றால் குண்டின் வெளியுறையும் யுரேனியம்தான். பிளவில் தொடங்கி, இணைவுக்குப் போய், மறுபடி பிளவில் முடியும் மூன்றுகட்ட வெடிப்பு. இவ்வளவு கதிரியக்கக் கழிவு கொட்டியதற்கு அதுவே காரணம். படகை நேரில் அளந்த ஒசாகா விஞ்ஞானி யசுஷி நிஷிவாகியின் தரவுகளைக் கொண்டு, இங்கிலாந்தில் ஜோசப் ரோட்பிளாட்டும் இதே முடிவுக்கு வந்தார். 1955 ஜூலை 9 அன்று வெளியான ரஸல்-ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ரோட்பிளாட்டும் யுகாவாவும் உண்டு. ராணுவ ரகசியமாக வைத்திருந்ததை மீனவரின் உடலிலும் படகிலும் படிந்த தூள் சொல்லிவிட்டது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு இடம் இருந்தது. பிராவோ வெடித்த ஒரு மாதத்தில், ஏப்ரல் 2 அன்று, பிரதமர் நேரு மக்களவையில் எழுந்து சோதனைகளை உடனே நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்று கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

1955 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியது. குண்டில் பிழைத்தவர்கள் அங்கே மேடையேறிப் பேசினார்கள். அதுவரை முகத் தழும்பை மறைத்து, திருமணச் சந்தையிலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டு, வாய் மூடி வாழ்ந்தவர்கள் அவர்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று நாகசாகியில் அவர்கள் தங்களுக்கென்று ‘நிஹோன் ஹிடாங்கியோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1957இல் அவர்களுக்கான மருத்துவச் சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அந்த அமைப்புக்குத்தான் கிடைத்தது. கையெழுத்து இயக்கம் எதைச் சாதித்தது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். குண்டை அது நிறுத்தவில்லை. பிகினி அடங்கிய மார்ஷல் தீவுகளில் 1958வரை சோதனை தொடர்ந்தது. வான்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் 1963இல்தான் வந்தது, அதிலும் நிலத்தடிச் சோதனைக்கு வழி விட்டார்கள்.

அந்த ஆண்டு காணத் தவறியவையும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே சாம்பல் ரோங்கலாப், உட்டிரிக் தீவுகளில் வாழ்ந்த மக்கள் மீதும் பொழிந்தது. ரோங்கலாப் மக்களை இரண்டு நாள் கழித்தே அப்புறப்படுத்தினார்கள். மார்ஷல் தீவினர் 1954 ஏப்ரலில் ஐ.நா.வுக்கே மனு எழுதினார்கள். ஜப்பானில் ‘மூன்றாவது முறையாக நாம் பலியானோம்’ என்ற உணர்வு அவ்வளவு வலுவாக இருந்ததால், அந்தத் தீவுகளின் பெயர்கள் கூட்டங்களில் அதிகம் ஒலிக்கவில்லை. மீன் பரிசோதனையை 1954 டிசம்பரோடு அரசு நிறுத்திக்கொண்டது. 1955 ஜனவரியில் அமெரிக்கா, சட்டப்படியான பொறுப்பை ஏற்காமல், 20 லட்சம் டாலர் தந்து விவகாரத்தை முடித்தது. மற்ற நூற்றுக்கணக்கான படகுகளில் வேலை செய்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

அணுமின்சாரமும் அப்படித்தான். படகு இன்னும் கடலில் இருந்தபோதே, 1954 மார்ச் தொடக்கத்தில், ஜப்பானின் முதல் அணுசக்தி நிதி ஒதுக்கீட்டைப் பழமைவாதக் கட்சிகள் கூட்டாகக் கொண்டுவந்தன. கையெழுத்துத் தாள் குண்டைப் பற்றி மட்டுமே பேசியது. உலைகளை அது கேள்வி கேட்கவில்லை. ஃபுகுஷிமா விபத்துக்கு ஒரு மாதம் கழித்து, 2011 ஏப்ரல் 10 அன்று, ஆயிரக்கணக்கானோர் அணுமின்சாரத்தை எதிர்த்து டோக்கியோவின் கோயென்ஜி தெருக்களில் ஊர்வலம் போனார்கள். கோயென்ஜி இருப்பது சுகினாமி வார்டில்.

இயக்கம் 1960களில் உடைந்தது. சோவியத் குண்டையும் அமெரிக்கக் குண்டையும் ஒரே அளவில் எதிர்ப்பதா என்ற சண்டையில் கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கட்சிக் கொடியை வாசலிலேயே நிறுத்திவைத்த முதல் ஆண்டின் கட்டுப்பாடு எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

படகு இன்னும் இருக்கிறது. பெயர் மாற்றிப் பயிற்சிக் கப்பலாக ஓட்டி, 1967இல் கழித்து, டோக்கியோ விரிகுடாவின் குப்பைத் தீவான யுமெனோஷிமாவில் போட்டுவிட்டார்கள். அதைக் காப்பாற்றச் சொல்லி ஒரு இளைஞர் 1968இல் நாளிதழுக்கு எழுதிய கடிதம் இன்னொரு இயக்கத்தைக் கிளப்பியது. 1976இல் அங்கேயே காட்சிக்கூடம் திறந்தது. படகில் வேலை பார்த்த மதாஷிச்சி ஓய்ஷி, ஊராரின் பொறாமைக்கும் ஒதுக்கலுக்கும் தப்பி டோக்கியோவுக்கு வந்து சலவைக்கடை நடத்தியவர். பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்து, பிறகு பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். சுகிஜியில் புதைத்த மீனுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பிள்ளைகள் பத்து பத்து யென்னாகக் கொடுத்த காசில் கல் தயாரானது. சந்தைக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சுவரில் ஒரு உலோகத் தகடு மட்டும் பதித்தார்கள். ‘சூரை நினைவுக்கல்’ யுமெனோஷிமாவில் படகின் பக்கத்தில் நிற்கிறது. மொத்தச் சந்தை 2018இல் சுகிஜியை விட்டு டோயோசுவுக்குப் போய்விட்டது. ஓய்ஷி 2021இல் காலமானார்.