சைலன்சரை மாற்றினால் என்ஜினுக்கு யார் சொல்வது?

புது மோட்டார் சைக்கிளில் உரிமையாளர் முதலில் கைவைக்கும் உறுப்பு பெரும்பாலும் சைலன்சர்தான். கம்பெனி சைலன்சர் கனமானது. சத்தத்தையும் அமுக்கி வைத்திருக்கும். இலேசான ஒன்றை மாட்டிவிட்டால் என்ஜின் தாராளமாக மூச்சுவிடும், வேகம் கூடும் என்பது பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கிவரும் நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய வண்டியிலோ எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஈசியூ என்னும் சிறு கணினி முடிவுசெய்கிறது. தொழிற்சாலை எந்த சைலன்சரைப் பொருத்தி அனுப்பியதோ, அதற்கேற்ற கணக்குதான் அந்தக் கணினிக்குள் இருக்கிறது.

இந்த இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க மைசூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கி, 1996இல் மூடப்படும்வரை ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் தயாரித்தது. ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் என்ஜின், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர்: யெஸ்டியின் அடையாளமே அதுதான். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் குழாயின் உட்புறம் கரி படியும். படியப்படிய வண்டி இழுவை குறையும். உள்குழலை உருவிக் கரியை எடுத்து மாட்டுவதும், தேவைப்பட்டால் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை மாற்றுவதும்தான் அன்றைய 'டியூனிங்'. பிளக்கின் நிறத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகளை நம்பி அந்தத் தலைமுறை ஓடியது.

மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலை கார்புரேட்டரின் குறையை எளிதில் காட்டிவிடும். மேலே ஏறஏறக் காற்றின் அடர்த்தி குறையும். ஏறத்தாழ நூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு சதவீதம் என்று கணக்கு வைக்கலாம். ஜெட்டின் துளை மாறாததால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, வண்டி மந்தமாகும். மலையிறங்கிப் பாலாறு தாண்டி மேட்டூர்ப் பக்கம் வந்தால் கதை தலைகீழ். ஈசியூவே பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சர்கள் அளந்து சொல்ல, ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கும் அல்லது கூட்டும்.

இந்தியாவில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமரில் வந்த இந்த நுட்பம், 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் பரவியது. மைசூரில் ஒருகாலத்தில் புழங்கிய ஜாவா என்ற பெயரும் 2018இல் 293 சிசி இன்ஜெக்‌ஷன் என்ஜினோடு திரும்பியது. இரட்டை சைலன்சரை விட மனமில்லாமல், பிஎஸ்-6 மாடலில் ஒரே சிலிண்டரின் இரு பக்கமும் புகைவழி வைத்து, இரண்டு லாம்டா சென்சர்களைப் பொருத்தினார்கள். அழகுக்காகக் கொடுத்த விலை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

லாம்டா சென்சர் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து பார்க்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு இது 13.5 அளவுக்கு இறங்கும். கலவை இந்த எல்லைக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் சென்சர் சொல்லும். ஈசியூ உடனே திருத்தும். சீரான வேகத்தில் ஓடும்போது இந்தத் திருத்தம் இடைவிடாமல் நடக்கிறது. ஆனால் த்ராட்டிலை முழுதாகத் திருகும்போது ஈசியூ பொதுவாகச் சென்சரை ஒதுக்கிவிட்டு, மனப்பாடமாக வைத்திருக்கும் 'மேப்' அட்டவணையைப் பார்த்தே பெட்ரோல் தெளிக்கிறது. புது சைலன்சரால் வரும் மாற்றம் ஈசியூவின் கண்ணில் படாமல் போவது இந்த இடத்தில்தான்.

சைலன்சரின் பின்பகுதியை மட்டும் மாற்றும் 'ஸ்லிப்-ஆன்' வகையால் வரும் மாற்றம் சிறிது. முழு த்ராட்டிலுக்குக் கம்பெனி மேப் சற்றுப் பெட்ரோல் மிகுதியாகவே வைத்திருக்கும் என்பதால், 'ஸ்லிப்-ஆன் மாட்டினால் என்ஜின் எரிந்துவிடும்' என்ற பயமுறுத்தல் மிகை. கூடும் சக்தியும் சிறிய என்ஜின்களில் ஒன்றிரண்டு குதிரைத்திறனைத் தாண்டுவது அரிது. கிடைக்கும் உண்மையான லாபம் சில கிலோ எடை குறைவதுதான். பெண்ட் பைப்பிலிருந்து முழுக் குழாயையும் மாற்றி, காற்று ஃபில்டரையும் மாற்றினால் நிலைமை வேறு. என்ஜினுக்குள் போகும் காற்று சில ஆர்பிஎம்களில் கூடும், சிலவற்றில் குறையவும் செய்யும். காரணம், புகை துடிப்புத்துடிப்பாக வெளியேறுகிறது; ஒரு துடிப்பின் அலை குழாயில் எதிரொலித்துத் திரும்பும் நேரம் வால்வு திறந்திருக்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் சிலிண்டர் நன்றாகக் காலியாகும். குழாயின் நீளமும் விட்டமும் இதைத் தீர்மானிக்கின்றன. பெரிய குழாய் போட்டதும் ஊருக்குள் ஓட்டும் வேகத்தில் இழுவை குறைந்துபோனதாகப் பலர் புலம்புவது இதனால்தான்.

மாட்டியபின் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிச்சத்தம் கேட்டால் அதைச் சிலர் பெருமையாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது கேஸ்கெட் சரியாக உட்காராமல் வெளிக்காற்று உள்ளே போவதன் அடையாளம். கசிவு லாம்டா சென்சருக்கு முன்னால் இருந்தால், ஆக்சிஜன் மிகுதி என்று சென்சர் தவறாகச் சொல்ல, ஈசியூ வீணாகப் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். ஆகவே மேப்பைத் தொடுவதற்கு முன் இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

மேப்பை மாற்ற இரண்டு வழிகள். ஈசியூவுக்குள் இருக்கும் அட்டவணையையே திருத்தி எழுதுவது ஒன்று. ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையே ஒரு பெட்டியைப் பொருத்தி, போகும் கட்டளையை வழியில் மாற்றுவது இன்னொன்று. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பவர்ட்ரானிக் இந்த வகை. எந்த வழியானாலும் வேலை ஒழுங்காக நடக்க என்ஜினின் சக்தியை அளக்கும் டைனோ உருளையும், கலவையை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சரும் வேண்டும். ஒவ்வொரு த்ராட்டில் அளவிலும் ஆர்பிஎம்மைப் படிப்படியாக உயர்த்தி, கலவையைப் படித்து, அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவார்கள். முழு த்ராட்டிலில் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவை ஒட்டிக் கலவை வைப்பது வழக்கம். இன்னொருவர் வண்டிக்கு எழுதிய மேப்பை அப்படியே ஏற்றுவது அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வதுதான். இக்னிஷன் டைமிங்கை அளவுக்கு மீறி முன்னே தள்ளினால் என்ஜினில் நாக்கிங் வந்து பிஸ்டன் பாழாகும்.

சட்டத்தின் பக்கம் சலுகை குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. முழுக் குழாயை மாற்றும்போது பெரும்பாலும் காணாமல் போவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மட்டுப்படுத்தும் உறுப்பு அது. மாதேஸ்வரன் மலைச் சாலையில் கௌதள்ளியைத் தாண்டியதும் தொடங்கும் காடு, 2013இல் அறிவிக்கப்பட்ட மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம். யானை நடமாடும் அந்தச் சாலையில் திறந்த சைலன்சரோடு போவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சத்த அளவுக்குள் அடங்கி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு, அந்த மாடலுக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் சைலன்சரே புது வண்டிக்குப் பாதுகாப்பான தேர்வு. வாரண்டியும் பெரும்பாலும் தப்பும். வெளிச்சந்தை சைலன்சர் போடுகிறவர் கழற்றிய கம்பெனி சைலன்சரையும், திருத்துவதற்கு முன் இருந்த மேப்பின் நகலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சர்வீஸ், மறுவிற்பனை இரண்டுக்கும் அவை தேவைப்படும். புது கேஸ்கெட் போட்ட இணைப்பு சூடேறி ஆறியதும் சற்றுத் தளரும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிட வேண்டும்.