ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு கோபுரம்

தமிழ்நாடு அரசின் கடிதம் ஏதாவது கைக்கு வந்தால், தலைப்பில் இருக்கும் முத்திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சிங்கத் தலைகள், இருபுறமும் தேசியக் கொடி, பின்னால் ஒரு கோபுரம். எந்த ஊர்க் கோபுரம்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை: அது வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம், 11 நிலை, 192 அடி. முத்திரை உருவான 1949-இல் சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா பக்கத்து ராஜபாளையத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அதை வரைந்த ஆர். கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரமே அதற்கு மாதிரி என்பது மறுதரப்பு. அதற்கு 9 நிலை.

எண்ணிப் பார்த்தால் தீர்ந்துவிடாதா? இங்கேதான் நம் கண்ணின் கணக்கு குறுக்கே வருகிறது.

192 அடி என்பது ஏறக்குறைய 58 மீட்டர். அதை ஒரு சென்டிமீட்டர் படமாக்கினால் 5,800 மடங்கு சுருங்குகிறது. ஆறடிச் சுதைச் சிற்பம் ஒன்று 0.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதன் முகம் தலைமயிரின் தடிமனில் பாதிதான். புத்தகம் படிக்கும் தூரத்தில் நம் கண் பிரித்தறியும் எல்லை சுமார் 0.1 மில்லிமீட்டர்; இதைப் 'பிரிதிறன்' என்பார்கள். மதுரையின் நெருக்கமான சிற்பக் கூட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரின் எளிய முகப்பு என்று நேரில் பார்த்ததும் பிடிபடும் வித்தியாசமெல்லாம் அந்த எல்லையை நெருங்கிக் கரைந்துவிடுகிறது. ஓவியர் கோடுகளைக் குறைத்தே தீரவேண்டும்; நிலைகளையும்கூடக் குறைத்திருக்கலாம்.

மிஞ்சுவது வெளிக்கோடு. அதுவோ இரண்டுக்கும் பொது. அடியில் பாரம் தாங்கும் கருங்கல், மேலே எடை குறைந்த செங்கல்லும் சுண்ணாம்பும். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சிறுத்துக்கொண்டே போகும். உச்சியில் வண்டிக் கூண்டு போன்ற வளைவும் கலசங்களும். ஒரே இலக்கணத்தில் எழுதிய இரண்டு வாக்கியங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் இந்த வாதத்தில் ஏன் இவ்வளவு ஆவேசம்? ஒரு பழைய சோதனை இதற்குக் குறிப்புத் தருகிறது. 1970-வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிச் சிறுவர்களை இரு குழுவாகப் பிரித்தார். ஓவிய ரசனைப்படி பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் குலுக்கல் போலத்தான். பிறகு பரிசுப் பணத்தைப் பங்கிடச் சொன்னார். பலர் தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்றே பங்கிட்டார்கள். சற்று முன்பு வரை அந்தக் குழுவே கிடையாது!

ஒரு நாள் குழுவுக்கே இப்படியென்றால், ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்படி இருக்கும்? சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி மதுரை. வைகை, சித்திரைத் திருவிழா, உயர் நீதிமன்றக் கிளை என்று எல்லாம் அங்கே இருக்கிறது. வளர்ந்த அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றை மரம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று அவர்கள் சொல்லும்போது, அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் 192 அடியும் நிற்கிறது.