அப்பத்தாவின் இளவெயில்

கம்பத்துல இல்லாத வெயிலா? ஆனாலும் எங்க அப்பத்தாவுக்கு ரத்தத்துல வைட்டமின் டி ரொம்பக் குறைவுன்னு வந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா ஆச்சரியமில்லை. பாதி ஆயுசு திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே வேலை. இப்போ திண்ணையில காலை ஏழு மணி இளவெயில். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர், சூரியன் நல்லா மேலே ஏறின பிறகுதான் போதுமான அளவு தரைக்கு வரும். உங்க நிழல் உங்களைவிடக் குட்டையா இருக்குற நேரம்னு வச்சுக்கோங்க. அப்பவும் வயசான தோல், இளம் தோல் தயாரிப்பதில் பாதிகூடத் தயாரிக்காது.

சரி, வயல்ல வெயில்லயே நின்னா போதுமா? திருப்பதியில் ஹரிநாராயண் குழு செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்து ஆட்களுக்கு நகரத்தாரைவிட வைட்டமின் டி அதிகம். ஆனால் சாப்பாட்டில் கால்சியம் இரண்டு பக்கமும் குறைவு. எலும்புக்கு ரெண்டும் வேணும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. பைட்டேட் இருப்பதால் முழுசா உடம்புல சேராது. முளைகட்டி அரைச்சா கொஞ்சம் தேவலை.

இன்னொன்னு, அந்த 60,000 யூனிட் மாத்திரை. பெரும்பாலும் வாரம் ஒன்றுதான் எழுதித் தருவாங்க. தினமும் போட்டுக்கிட்டே போனா ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகமே கெடலாம். அப்பத்தா நாலு நாள் விடாம முழுங்கியிருந்துச்சு. அட்டையை எண்ணிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது.