உங்களுக்குத் தெரியுமா? சிந்துவெளி எழுத்துக் குறிகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும்!

சிந்துவெளி எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் கணினியின் துணையோடு தொகுத்து, 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட சிந்துவெளித் தொடரடைவில் 417 குறிகள் உள்ளன. ஃபின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலாவின் 1994-ஆம் ஆண்டுப் பட்டியலிலோ 400-க்கும் குறைவு. இருவரும் எண்ணுவதில் தவறவில்லை. ஒரு சிறு கோடு கூடினால் அது புதுக் குறியா, பொறித்தவரின் கைப்போக்கா என்பது ஆய்வாளரின் தீர்ப்பு. ஆகவே, இத்தகைய குறிகளைத் தொகுக்கும் தரவுத்தளத்தில் முடிவை மட்டும் பதிந்தால் போதாது. யார், எப்போது, எதை வைத்து அப்படி முடிவுசெய்தார் என்பதும் பதிவாக வேண்டும். 2006-இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட ‘சிடாக் சிஆர்எம்’ என்ற பண்பாட்டுத் தரவுக் கட்டமைப்பு, ஒரு பொருளுக்கு ஆய்வாளர் பண்பு சூட்டுவதையே தனி நிகழ்வாகப் பதிய இடம் தருகிறது.

இவ்வளவையும் பதிந்தால் வேலை பெருகும் என்பார்கள், பெருகத்தான் செய்யும். ஆனால் மகாதேவன் அந்த உழைப்புக்கு அஞ்சவில்லை. பொறிப்பு கிடைத்த ஊர், அது முத்திரையா வேறு பொருளா, அதிலுள்ள விலங்குருவம் எது என்பவற்றையும் குறியிட்டுச் சேர்த்தார். அதனால் அவருடைய குறிப்பகுப்பை ஏற்காதவரும் அந்தத் தரவை வேறு கேள்விகளோடு அணுகலாம், ஊர்வாரியாக வரைபடத்தில் ஏற்றியும் பார்க்கலாம். 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த சிந்துவெளி எழுத்தின் புள்ளியியல் ஆய்வுக்கும் அடித்தளம் அவருடைய தொடரடைவுதான்.