பொறுத்திருப்பது வேறு, விடாமல் நிற்பது வேறு

விடாமுயற்சி என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடமே சொல்கிறோம். பெரியவர்களுக்கு, அதிலும் துன்பப்பட்டவர்களுக்கு, நாம் சொல்வது வேறொரு சொல்: பொறுமை. நெடுங்கேணியில் மீள்குடியேறிய காலம் முதல் ஆலயத்திலும் அலுவலகங்களிலும் நான் அதிகம் கேட்ட அறிவுரை "பொறுமையாக இருங்கள்" என்பதுதான். இரண்டும் ஒன்றா என்பதை இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'ஹுப்பொமொனே' என்றொரு சொல் உண்டு. பாரத்தின் கீழே இருந்தபடி நிலைத்து நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள். உரோமருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் வரும் இச்சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'பொறுமை' என்கிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மனஉறுதி' என்கிறது. ஒரே மூலச்சொல்தான். ஆனால் வாசிப்பவர் மனதில் விழும் படம் வேறு. முதலாவதில் ஒருவர் கைகட்டி இருக்கிறார். இரண்டாவதில் அவர் எழுந்து நிற்கிறார்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் வரும் கைம்பெண்ணும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். நீதிபதி கடவுளுக்கும் அஞ்சாதவர், மனிதரையும் மதியாதவர். அந்தப் பெண்ணிடம் பணமோ ஆள்பலமோ இல்லை. அவர் செய்தது ஒன்றுதான்: நீதி கேட்டுத் திரும்பத் திரும்பப் போனார். மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட உவமை இது. அதில் மன்றாட்டும் நடையும் பிரிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எமது காலத்தில் இதற்கு நல்ல உதாரணம் இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்துக்குரிய இத்தீவின் மக்கள் கத்தோலிக்க மீனவர்கள். 1992இல் போரினால் இடம்பெயர்ந்து, முழங்காவிலுக்கு அருகே இரணைமாதா நகரில் குடியமர்ந்தார்கள். போர் முடிந்த பின்னரும் தீவில் கடற்படை நிலைகொண்டிருந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. மனுக்கள் கொடுத்தார்கள். பின்னர் 2017 மே 1ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு வருடம் நெருங்கியும் முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவுக்குச் சென்று, தங்கள் ஆலயத்தில் செபித்து, அங்கேயே தங்கினார்கள். அடுத்த மாதம் அரசாங்கம் அவர்கள் அங்கு இருப்பதற்கு இணங்கியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. விடாமுயற்சி என்பது ஒரே செயலைச் சலிக்காமல் திரும்பச் செய்வது மட்டுமல்ல. இரணைதீவு மக்களின் கோரிக்கை கடைசிவரை ஒன்றாகவே இருந்தது: எங்கள் நிலம் எங்களுக்கு. வழி மட்டுமே மனுவில் இருந்து போராட்டப் பந்தலுக்கும், அங்கிருந்து படகுக்கும் மாறியது. இலக்கை விடக்கூடாது, வழியை மாற்றத் தயங்கவும் கூடாது.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மீள்குடியேறியபோது காணிகள் பற்றைக்காடாகவும் கிணறுகள் தூர்ந்தும் கிடந்தன. வெட்டி, இறைத்து, விதைத்தோம். யானை ஒரே இரவில் தென்னம்பிள்ளைகளை முறித்துவிட்டுப் போகும். அதற்காகக் காணியை விட்டுப் போனவர்களைவிட, அடுத்த போகத்தில் கச்சானோ உழுந்தோ போட்டுப் பார்த்தவர்களே அதிகம். தனியாகக் காவல் இருந்து களைத்தவர்கள் முறைவைத்துக் காவல் இருக்கப் பழகினார்கள். நீண்டகாலம் தாக்குப்பிடிப்பதற்குத் தனிமனித வைராக்கியம் போதாது, பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஆனால் விடாமல் நின்றால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்தபடி இருந்த தாய்மார் பலர் பதில் அறியாமலேயே கண்மூடிவிட்டார்கள். அவர்களின் முயற்சி குறைந்தது என்று எவராவது சொல்ல முடியுமா? உவமையிலும் குற்றம் கைம்பெண்ணில் இல்லை, காலம் கடத்திய நீதிபதியிலேயே இருக்கிறது.

ஆகவே விசுவாசிகளாகிய நாம் யாருக்கு எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடமும், நுண்நிதிக் கடனில் சிக்கி வாரந்தோறும் மிரட்டப்படும் தாயிடமும் "சிலுவையைச் சுமந்துகொள்" என்பது விசுவாசத்தைப் போதிப்பதாகாது. அநீதியைப் பழகிக்கொள்ளச் சொல்வதாகவே அது முடியும். அவர்களோடு கூட்டுறவுச் சங்கத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒருமுறை அல்ல, பத்துமுறை நடந்துபோக ஒருவர் முன்வருவதே அந்த உவமைக்கு நெருக்கமானது.

செபம் அந்த நடைக்குப் பதிலாக வருவதல்ல. ஒன்பது முறை வெறுங்கையோடு திரும்பியவர், கசப்பில் கருகிப் போகாமல் பத்தாவது முறை புறப்படுவதற்கான பலத்தை அது தருகிறது. நான் அறிந்தவரையில் விசுவாசத்தின் அன்றாடப் பயன் இதுதான்.